சோபாக்காரம்மா வாங்கிய பழைய வண்டி

அந்தத் தெருவில் அவளுக்குச் சோபாக்காரம்மா என்றுதான் பெயர். வீட்டின் முன்னறையே பட்டறை. உள்ளே நுழைந்தால் முதலில் ரெக்சின் வாடையும் பசை வாடையும் மூக்கில் ஏறும். அப்புறம்தான் ஆள் தென்படுவாள், கவிழ்த்துப் போட்ட சோபா ஒன்றின் வயிற்றுக்குள் தலையை விட்டபடி. சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள். பேச்சும் நிற்காது, ஆணியும் விழாது.

கல்யாணத்துக்கு முன்பு பஸ்களுக்கு சீட் தைக்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள். மெல்லிய துணியைக் கையில் கொடுத்தால் தடுமாறுவாள். கெட்டி ரெக்சினைக் கொடுத்தால் மிஷின் தானாக ஓடும். வந்த வீட்டிலும் சும்மா இருக்கப் பிடிக்காமல் பக்கத்து வீட்டு நாற்காலி ஒன்றுக்கு மெத்தை மாற்றிக் கொடுத்தாள். அது வாய்வழியாகப் பரவி, தொழிலாகவே ஆகிவிட்டது. கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர்போல் இருப்பார். அவருக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவதால் குடும்பம் பழுதில்லாமல் ஓடியது.

தொழிலில் அவளுக்கு இருந்த ஒரே தலைவலி வண்டி. பழைய சோபாவைக் கொண்டுவரவும் புதுத்துணி போட்டதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வாடகை வண்டிக்காரனை நம்ப வேண்டியிருந்தது. அவனோ "இதோ வந்துக்கிட்டே இருக்கேங்க்கா" என்று போனில் சொல்லிவிட்டு, மறுநாள் வருகிற ரகம். ஒருமுறை ஒரு கிளினிக்குக்காக வெள்ளை வெளேரென்று தைத்த சோபாவை அவன் மூடாமல் ஏற்றிப் போனான். வழியில் மழை. போய்ச் சேரும்போது அது ஊறின பஞ்சு மூட்டை. கிளினிக்காரர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்து, முதலிலிருந்து தைத்தாள். தைத்து முடிக்கும்போது மனசுக்குள் முடிவும் ஆகியிருந்தது: சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்கிவிட வேண்டியதுதான்.

கணவரிடம் சொன்னாள். "ஓட்டுறது யாரு?" என்று மட்டும் கேட்டார். தான்தான் என்றாள். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

புது வண்டியைக் கனவில்தான் பார்க்க முடியும் என்பதால் பழசாகத் தேடினாள். ஒரு முட்டை வியாபாரி தன் வண்டியை விற்பதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தார்கள். வண்டிக்கு வயசாகியிருந்தது, ஆனால் கழுவித் துடைத்துப் பளிச்சென்று நிறுத்தியிருந்தான். "இதுவரைக்கும் முட்டையைத் தவிர வேற எதுவும் ஏத்தினதில்லம்மா. எவ்வளவு பதமா ஓட்டியிருப்பேன்னு நீங்களே நெனச்சுப் பாருங்க" என்றான். அந்தப் பேச்சு அவளுக்கு நியாயமாகப் பட்டது. கதவைத் திறந்து டிரைவர் சீட்டைத் தடவினாள். தையல் ஒரு இடத்தில்கூட விடவில்லை, ஸ்பாஞ்சு அழுந்தவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. எஞ்சினை விஷயம் தெரிந்த யாரிடமாவது காட்டலாமா என்று கணவர் மெல்ல இழுத்தார்.

"உக்கார்ற எடத்தையே இவ்வளவு நல்லா வச்சிருக்கிறவன், மத்ததை மட்டும் கெடுத்தா வச்சிருப்பான்?" என்று சொல்லிவிட்டாள்.

பணம் கைமாறியது. முட்டை வியாபாரி அனுப்பிய ஆள் வண்டியை ஓட்டிவந்து தெருமுனை திரும்பும்போதே முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. பின்னால் வெள்ளைப் புகை தெருவையே மறைத்தது. அவன் இறங்கி, "ஆறினா சரியாயிடும்மா" என்று சாவியை அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். ஆறியது. சரியாகவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்தார். ஒல்லியான மனிதர், நோயாளி வீட்டாரிடம் பேசுகிற டாக்டர் மாதிரி நிதானமாகப் பேசுகிறவர். எஞ்சினின் தலைப்பாகத்துக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற கேஸ்கட் போய்விட்டது, அதனால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்றார். கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்றார். பின்னால் போய், சாமான் ஏற்றுகிற இடத்தில் விரித்திருந்த ரப்பர் பாயைத் தூக்கிக் காட்டினார். துருப்பிடித்த ஓட்டை வழியே ரோடு தெரிந்தது. கடைசியாக, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சீட்டு மட்டும் அருமையா இருக்கு. ஆனா இது இந்த வண்டியோட சீட்டு இல்லம்மா. வேற எதுலேர்ந்தோ கழட்டி மாட்டியிருக்கான்."

அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் சீட்டோடு மாரடித்தவளின் தலையிலேயே ஒருவன் சீட்டைக் காட்டி வண்டியைக் கட்டிவிட்டான். முட்டை வியாபாரி அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. கணவர், 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்பதுதான் மெக்கானிக்கின் யோசனை. அவள் வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரு நீளமாக, காலியாகத் தெரிந்தது. இறங்கி வந்து கேட்டாள்:

"எஞ்சின் செத்துப்போச்சா, இல்ல சீக்கா?"

"சீக்குதான்."

"அப்போ வைத்தியம் பாருங்க. ஒங்ககிட்ட வர்ற வண்டிங்களுக்கு எல்லாம் நான் சீட்டு தச்சுத் தர்றேன்."

மெக்கானிக் தாடையைச் சொறிந்தார். கிழிந்த சீட்டோடு வருகிற வண்டிகளுக்கு அவரிடம் பஞ்சமில்லை. சரி என்றார். ஆனால் அவருடைய ஷெட்டில் இடமில்லை. வண்டி தெருவிலேயே நிற்கட்டும், மற்ற வேலை முடிந்ததும் தினமும் வந்து பார்க்கிறேன் என்றார்.

வண்டி முற்றத்துக்குள் நுழையாமல் தெருவில் நிற்பதற்குக் காரணம் உண்டு. அந்த வீடு ஒரு காலத்தில் ஒரே வீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பி, அகலமான கேட்டின் நடுவில் ஒரு தூணை நிறுத்தி, ஆளுக்கொரு சின்ன கேட் வைத்துக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தனாரும் அவர் மனைவியும். ஓரகத்திகள் இருவருக்கும் சண்டை எதில் தொடங்கியது என்றால், துணி காயப்போடுகிற கொடியில் என்பாள் இவள். குழாயடியில் என்பாள் சின்னவள். எதுவானாலும் சுவர் எழுந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. வாசலில் எதிர்ப்பட்டால் இவள் வானத்தைப் பார்ப்பாள், அவள் செருப்பைப் பார்ப்பாள்.

வைத்தியம் தொடங்கியது. வண்டியின் தரையில் துரு அரித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார்கள். கணவர் தினமும் வேலைவிட்டு வந்ததும் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு துருவைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். போன இடங்களில் மீந்த பெயிண்டையெல்லாம் கலந்து ஒரு நிறம் கொண்டுவந்தார். அதை நீலம் என்று சொன்னால் பச்சை கோபித்துக்கொள்ளும், பச்சை என்றால் நீலம் கோபித்துக்கொள்ளும். அவருக்கு அதில் ஒரே பெருமை. போகிற வருகிறவர்களிடம் தானாக வலியப் போய்ப் பேச ஆரம்பித்தார்.

ஒரு நாள் மெக்கானிக் எஞ்சினின் தலையைக் கழற்றி, மட்டம் பார்த்துச் சீவ லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தார். நசுங்கிய பானெட்டும் தட்டி எடுக்கப் போயிருந்தது. எஞ்சின் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, மேலே ஒரு தார்ப்பாய் மட்டும் கட்டியிருந்தது. பிற்பகலில் வானம் கறுத்தது. முதல் காற்றிலேயே கயிறு அறுந்தது.

அவள் மிஷினைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். உள்ளே தண்ணீர் இறங்கினால் செய்த வைத்தியமெல்லாம் பாழ். ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை பறந்தது. அதைப் பிடித்தால் இது. மழை சடசடவென்று இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை வந்து, பறந்த முனையை இழுத்து அழுத்திப் பிடித்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சின்னவள் நின்றாள்.

மழை விடுகிற வழியாயில்லை. நடுவே எஞ்சின், இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். வானத்தையும் பார்க்க முடியாது, செருப்பையும் பார்க்க முடியாது. முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"உள்ள தண்ணி போகலையே?" என்று சின்னவள்தான் முதலில் கேட்டாள்.

"இல்ல."

சின்னவள் தன் பக்கத்து முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"வாங்கினதுலேர்ந்து பாக்குறேன். இதைப் போய் இப்படித் தெருவுல போட்டு வைக்கலாமாக்கா?"

"வேற எங்க போடச் சொல்ற? அந்தக் கேட்டுல சோபாவே ஒருக்களிச்சுத்தான் நுழையுது."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், தார்ப்பாய் குலுங்கியதில் மாட்டிக்கொண்டாள். இவளும் சிரித்தாள். தேங்கிய தண்ணீர் இருவர் மேலும் ஊற்றியது.

"நடுவுல இருக்கிற தூணை எடுத்துட்டா வண்டி நுழையும்" என்றாள் சின்னவள்.

"அது ஒங்களுக்கும் சேர்ந்த தூணாச்சே."

"அதான் சொல்றேன்."

அந்த வாரக் கடைசியில் தூணை இடித்தார்கள். அதையொட்டிய சுவரில், வண்டியின் கதவு திறக்கிற அளவுக்கு மட்டும் எடுத்தார்கள். மீதிச் சுவர் அப்படியே நின்றது, இருக்கட்டும் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். இடிக்கும்போது கொழுந்தனார் தன் அண்ணனிடம், "நேத்து பஸ் ஸ்டாப்புல சொன்னேனே, அந்தப் பெரிய கடப்பாரை எங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பெண்கள் இருவரும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனும் தம்பியும் இத்தனை வருஷமாக பஸ் ஸ்டாப்பில் நின்று தினமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். முற்றத்தில்தான் அவர்களுக்குச் சண்டை.

எஞ்சின் தலை திரும்பி வந்து, புது கேஸ்கட்டும் கிளட்ச்சும் மாட்டி, மெக்கானிக் சாவியைத் திருப்பினார். ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு சீராக ஓடத் தொடங்கியது. புகை இல்லை. அவள் எஞ்சின் பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தன் தையல் மிஷின் மாதிரியே ஓடுகிறது என்றாள். மெக்கானிக்கிடம் அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் சொன்னதில்லை.

வண்டி தயார். ஓட்டத்தான் ஆள் தயாராக இல்லை. டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். ஆணியைக் கவ்விக்கொண்டே பேசுகிறவளுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முதல் டெஸ்ட்டில் பின்னால் எடுக்கும்போது தகர டிரம் ஒன்றைச் சாய்த்தாள். அடுத்ததில் மேட்டில் வண்டி அணைந்து, உருண்டு, டெஸ்ட் வைக்க வந்தவர் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டார். நீங்கள் வண்டியை ஓட்டவில்லை, அதோடு சண்டை போடுகிறீர்கள் என்று சொல்லிக்கொடுத்தவர் நொந்துபோனார்.

அதற்குள் ஒரு நூலகத்தின் வாசிப்பறைக்கு நாற்காலிகள் தயாராகிவிட்டன. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இனி வாடகை வண்டிக்காரனைக் கூப்பிட அவளுக்கு மனசில்லை. சின்னவள் முன்பு ஸ்கூல் வேன் ஓட்டினவள். அந்த ஸ்கூல் மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிறாள். இது தெருவுக்கே தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, கேட்பது வேறு. மழையில் அவளாக வந்தாள். இப்போது இவள் போக வேண்டும். காலையிலிருந்து அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்துவிட்டு, ஒருவழியாக முற்றத்தைத் தாண்டிப் போய் அந்த வீட்டு வாசற்படியில் நின்றாள்.

"வண்டி ஓட்ட வர்றியா?"

சின்னவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். அவசரப்படவில்லை.

"கூலிக்கா, கூட்டுக்கா?"

இதை இவள் எதிர்பார்க்கவில்லை. தொழில் தன் கையால் வளர்ந்தது. அதில் இன்னொருவர் கையை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. இல்லை, கூலிக்குத்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். அது கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தது.

"கூட்டுக்குத்தான்" என்றாள்.

"அப்போ ஒரு கண்டிஷன். பக்கத்துல உக்காந்துக்கிட்டு நீங்க பிரேக் போடக் கூடாது."

நாற்காலிகளை ஏற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். ஊர்நடுவே ஒரு மேம்பாலம், நல்ல ஏற்றம். அவள் ரோட்டைப் பார்க்கவேயில்லை. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள்ளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் பாதி வரை வந்து, அங்கேயே நின்றது. வண்டி முனகிக்கொண்டே உச்சிக்கு ஏறி, மறுபக்கம் லேசாக இறங்கியது. பார்த்தால் அவளுடைய வலது கால் காற்றில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. சின்னவள் அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் கியரை மாற்றினாள்.

இப்போது அவர்களுக்கு வேலை குவிகிறது. சோபாவுக்குப் போகிற வீடுகளில் கட்டிலையும் பீரோவையும் ஏற்றச் சொல்லிக் கேட்கிறார்கள். அதையும் வாடகைக்கு ஏற்றலாம் என்ற யோசனையும், அதன் கணக்கும் சின்னவளுடையது. சண்டை ஓய்ந்துவிட்டதா என்றால், இல்லை. எந்த வழியாகப் போவது, கண்ணாடியை ஏற்றுவதா இறக்குவதா என்று தினமும் ஒன்று நடக்கும். அடுத்த வாடிக்கையாளர் வீட்டு வாசலில் இறங்கும்போது இருவரும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள்.

விடுமுறை நாளில் காலையில் சந்தைத் திடல் காலியாக இருக்கும். சோபாக்காரம்மா அங்கே வண்டியைப் பின்னால் எடுத்துப் பழகுகிறாள். சின்னவள் பின்னால் நின்று, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்று கையை ஆட்டுகிறாள். அடுத்த டெஸ்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. தேறிவிடுவோம் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்கிறது. சின்னவளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.