யாரும் மறுக்காத தெரு

விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். கேஸ் கட்டுகளைத் தூக்குவது, வாய்தா தேதி குறிப்பது, கட்சிக்காரர்களை அடக்கி உட்கார வைப்பது என் வேலை. குண்டர் சட்டத்தில் உள்ளே போனவர்களின் வீட்டார் வந்து அழும்போது, "அழுதா ஆர்டர் கிழிஞ்சிடுமா? பேப்பரை எடுங்க" என்று அதட்டுகிறவள் நான்தான். என் தம்பியையே பிடித்துக்கொண்டு போனபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தம்பி திண்டிவனத்தில் அம்மாவோடு இருந்தான். மினி லாரி ஓட்டினான். புதுச்சேரிப் பக்கமிருந்து சாராயம் கடத்தும் கூட்டத்தில் அவனும் ஒருவன் என்றது போலீஸ். என்ன லோடு என்றே தெரியாமல் ஓட்டினான் என்றோம் நாங்கள். ஜாமீனுக்கு நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோதே, கலெக்டர் கையெழுத்தோடு குண்டர் சட்ட ஆணை வந்துவிட்டது. அந்த ஆணைக்கு வழக்கு நடந்து முடிய வேண்டியதில்லை, சாட்சி கூண்டில் ஏற வேண்டியதில்லை. இவன் வெளியே இருந்தால் ஊருக்கு ஆபத்து என்று காகிதங்களைப் பார்த்து ஓர் அதிகாரி முடிவு செய்தால் போதும், ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். இனிமேல் செய்யப்போவதற்காக ஒருவனை இப்போதே அடைத்து வைப்பது எனக்கு அன்றும் எரிச்சல், இன்றும் எரிச்சல்.

இந்த அதிகாரத்துக்கும் ஒரு கடிவாளம் உண்டு. ஓய்வு பெற்ற நீதிபதிகள் கொண்ட அறிவுரைக் கழகம் சென்னையில் கூடி, ஆணைக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால் ஆளை விட்டே ஆக வேண்டும். அங்கே வக்கீல் வாதாட முடியாது. சிறையிலிருந்து கூட்டி வரப்பட்டவனும், அவன் வீட்டார் ஓரிருவரும் பேசலாம். எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. எந்த வக்கீலையும்விட அம்மா நன்றாக அழுவாள்.

அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். "எனக்கு சக்கரை இருக்குது, இவன் சம்பாதிச்சாதான் சோறு, வண்டில என்னா ஏத்துனாங்கன்னு இவனுக்குத் தெரியாது. இந்த மூணுதான். வேற எதுக்கும் வாயத் தொறக்காத" என்றேன். அம்மா பள்ளிப்பிள்ளை மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் நாலு பேர் கூட வந்து நின்றால் நம் பக்கம் ஒரு கனம் வரும் என்று எனக்கு ஓர் எண்ணம். எங்கள் ஊர்ப்பக்கம் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனியாகப் போகிறவன் அநாதை. ஒரு வேன் பேசிவிட்டு, அம்மாவின் தெருவில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். மல்லாட்டைக் கடலை பிடுங்கும் நேரம், போனால் ஒரு நாள் கூலி போய்விடும். இருந்தும் ஒருவர்கூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எதிர்வீட்டு அத்தை, குழாயடியில் அம்மாவோடு சண்டை போடாத நாளே கிடையாது, அவளும் முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"வர்றேம்மா. அத்தை வந்துச்சின்னு தம்பிகிட்ட மட்டும் சொல்லிடு" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பேருடைய மனதில் இடம் பிடித்திருக்கிறானே என் தம்பி, இவனைப் போய் உள்ளே வைத்திருக்கிறார்களே என்று நெஞ்சு கொதித்தது.

வேனில் ஒருவரும் பேசவில்லை. இதே ஜனங்கள் கோயிலுக்குப் போனால் மேல்மருவத்தூர் வருவதற்குள் புளிசோறு காலியாகிவிடும், டிரைவர் காதைப் பொத்திக்கொள்வார். அன்று ஒரு பொட்டலம்கூடப் பிரியவில்லை. தம்பிக்காக வருத்தப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தபோது அம்மாவும் நானும் மட்டும் உள்ளே போனோம். காவலர்களோடு தம்பி நின்றிருந்தான். இளைத்திருந்தான். அம்மா மூன்றையும் வரிசை மாறாமல் சொன்னாள், சரியான இடத்தில் அழவும் செய்தாள். முடிந்தது என்று நான் மூச்சுவிட்டேன். நடுவில் இருந்த நீதிபதி வயதானவர், நல்ல மாதிரி. "ஊர்ல பையன் எப்படிம்மா?" என்று கேட்டார். அது என் பாடத்தில் இல்லாத கேள்வி.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வெளிய பாருங்கய்யா, எங்க தெருவே வந்து நிக்குது. என் புள்ள ஒண்ணு கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. இவன் வண்டிய வுட இடம் இல்லன்னு, எதிர்வூட்டுக்காரங்க மாட்ட வெளிய கட்டிட்டு கொட்டாயவே காலி பண்ணிக் குடுத்தாங்க."

"முடியாதுன்னு அவங்க சொல்லியிருந்தா?"

அம்மா சிரித்தாள். குழந்தை கேட்கும் கேள்விக்குச் சிரிப்பதுபோல.

"இவங்கிட்ட போயி யாருய்யா முடியாதுன்னு சொல்லுவாங்க?"

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. சரிம்மா, போய்ட்டு வாங்க என்றார். தம்பி தலையைக் குனிந்திருப்பான் என்று திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் பெருமைதான் இருந்தது.

வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்த தெரு ஜனம் எங்களைப் பார்த்ததும் ஒன்றாக எழுந்து நின்றது. அத்தைதான் முதலில் கிட்டே வந்தாள். விடுவார்களா என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"நாங்க வந்துக்கிறது தம்பிக்குத் தெரியுமா?" என்றாள்.

அவள் கண்ணைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். திரும்பி வரும்போது வேனில் நானும் பேசவில்லை.

ஆணை உறுதியாகிவிட்டது. அம்மாவின் பதிலால்தான் என்று சொல்ல முடியாது. கழகம் தன் அறிக்கையில் என்ன எழுதியது என்பதை எங்களுக்குக் காட்டமாட்டார்கள். அடுத்து ஆட்கொணர்வு மனு. அம்மா பெயரில் அரசுக்குப் போட்டிருந்த ஒரு விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் காரணமில்லாமல் கிடந்திருந்தது. விசாரணையே இல்லாமல் அடைக்கிற சட்டத்தில் அந்தத் தாமதம் பொறுக்கப்படாது, ஆளை வெளியே கொண்டுவர அதுவே போதும். அதைக் கண்டுபிடித்தவள் நான். வக்கீலுக்குச் சொன்னவளும் நான். குற்றம் நிரூபணமாகாத ஒருவன் உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். என் தம்பி என்பதற்காகவும் சொன்னேன். இரண்டில் எது பெரிது என்று எனக்கே தெரியாது.

உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. தாமதத்தைப் பற்றித் தெளிவாக எழுதியிருந்தார்கள். கொட்டகையைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது, இருக்கவும் வழியில்லை. ஜாமீனும் கிடைத்து அவன் வீடு திரும்பிய அன்று திண்டிவனத்தில் நல்ல மழை. எதிர்வீட்டு மாடு வெளியே நனைந்துகொண்டு நின்றது. கொட்டகை பெருக்கிக் காலியாக இருந்தது. அவன் இன்னும் கேட்கவே இல்லை.

போன வாரம் விழுப்புரத்துக்கு என்னைப் பார்க்க வந்தான். சாப்பிட்டுக் கை கழுவப் போனவன், பின்பக்க அறையை எட்டிப் பார்த்தான்.

"யக்கா, இந்த ரூமு சும்மாதான கீது? ரெண்டு நாளைக்கு கொஞ்சம் சாமான் வெச்சிக்கிறேன்."

குரலை உயர்த்தவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டான். என்ன சாமான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எந்தப் பிரிவில் என்ன தண்டனை என்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். முடியாதென்று சொல்லியிருந்தால் என்று அந்த நீதிபதி கேட்ட கேள்வி காதிலேயே இருந்தது. நான் அவனுடைய அக்கா, அவனைத் தூக்கி வளர்த்தவள், அதட்டுவதே தொழிலாக இருப்பவள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"பூட்டு சாவி எங்கக்கா?"

"ஆணியில மாட்டியிருக்குது பாரு" என்றேன்.