கிருஷ்ணம்மா சுட்ட பெலாங்காஸ்

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. "ம்... ம்..." அம்மா என்று கூப்பிடத்தான் குழந்தை முயன்றாள். உதடுகள் மரத்துப் போயிருந்தன.

அடுப்படியில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மா அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினாள். பாயில் கிடந்த ஆறு வயது செல்வராணியின் கையைத் தூக்கினாள்; விட்டதும் அது ஈரத்துணிபோல் விழுந்தது. கண்கள் மட்டும் தாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ராணி, தூங்கிடாதடி. அம்மா இங்கதான் இருக்கேன்."

உதவிக்கு வந்திருந்த மலாய்க்காரி மக் சோம், அடுப்புச் சாம்பலில் கிடந்த பெலாங்காஸ் ஓட்டை எடுத்தாள். குதிரைக் குளம்பு போன்ற அந்தக் கடல் நண்டின் நீண்ட வாலை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாள். 

"எங்கே பிடித்தாய்?" என்று மலாயில் கேட்டாள்.

"பாக்காவ் காட்டுச் சேத்துல," என்று கிருஷ்ணம்மா அலையாத்திக் காட்டுப் பக்கம் கைகாட்டினாள்.

மக் சோம் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜோகூரின் கிழக்குக் கடலில் கிடக்கும் கெத்தாப்பாங் தீவு மிகப் பழையது. மக் சோமின் முன்னோர் எந்தக் காலத்தில் வந்தார்கள் என்று கம்பம் எனப்படும் அந்த மலாய்க் கிராமத்தில் எவருக்கும் தெரியாது. மரநிழலில் எழுத்துத் தேய்ந்த கல்லறைக் கற்கள் சாய்ந்து நிற்கின்றன. பாய்க்கப்பல்கள் குடிதண்ணீருக்கு ஒதுங்கிய நாளில் உடைந்த சீனப் பீங்கானை அலை இன்றும் கரையில் தள்ளுகிறது. அந்த ஊரின் பின்புறக் காட்டை அழித்துத்தான் முதலாளி தென்னந்தோப்புப் போட்டார். 1926-இல் கணவன் வீரமுத்துவோடு வந்து இறங்கினாள் கிருஷ்ணம்மா. நான்கே வருஷத்தில் அவன் மரத்திலிருந்து விழுந்து செத்தான். அன்று முதல் தேங்காய் உடைத்து, கொப்பரைப் புகையில் கண் சிவந்து, ஒற்றைப் பெண்ணை வளர்த்தாள்.

மழைக்காற்று வந்தால் கடல் மூடிக்கொள்ளும். அரிசிப் படகு வருவது அரிது. அந்த வருஷம் கங்காணி ஐயாசாமி, வேலை செய்யாத வாய்க்கு அரிசி இல்லை என்று குழந்தையின் பங்கை நிறுத்திவிட்டார்.

நல்ல நாளில் மக் சோம் மணற்கரையில் பெலாங்காஸ் பிடித்து, மல்லாத்திச் சுட்டு, முட்டையை ராணிக்குக் கொடுப்பாள். அதன் வால் முப்பட்டையாக இருக்கும். சேற்றில் ஊரும் சின்ன வகைக்கு வால் உருண்டை. அதன் முட்டை கொடிய நஞ்சு. வாலைத் தடவாமல் எந்த மலாய்ப் பெண்ணும் நெருப்பில் வைக்கமாட்டாள். பிறந்தது முதல் பழகிய அந்த வழக்கத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று மக் சோமுக்குத் தோன்றவே இல்லை. பசித்த பிள்ளையின் தாய் ஓட்டை மட்டுமே பார்த்தாள். ஒரு துளியும் தன் வாயில் போடாமல் எல்லாவற்றையும் மகளுக்கே ஊட்டினாள். பாவி, பாசத்தாலேயே ஊட்டினாள்!

வாசலில் குடை மடங்கியது. கங்காணி உள்ளே வந்தார்.

"என்ன இங்க கூட்டம்? தேங்கா ஒடைக்க நானா போறது?"

கிருஷ்ணம்மா முன்னறைக்கு ஓடிவந்து அவர் காலைப் பிடித்தாள். "கங்காணியாரே, கொப்பரைப் படக இப்பவே விடச் சொல்லுங்க. அக்கரை மெர்சிங் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கிட்ட போனா புள்ள பொழச்சுக்கும்."

கம்பத்துப் படகுகள் சிறியவை. மழைக்காற்று அலையைத் தாங்கக்கூடியது தோப்பின் கொப்பரைப் படகு ஒன்றுதான்.

"பாதி மூட்டைதான் ஏறியிருக்கு. மொதலாளிக்கு நீ பதில் சொல்றியா?"

"என் புள்ளைங்க அவ..."

"சேத்துல கெடக்கிறத பொறுக்கித் திங்க நானா சொன்னேன்? மகாராணிக்குப் படகு வேணுமாம் படகு!"

"நீங்க அரிசி குடுத்திருந்தா நான் ஏன் சேத்துக்குப் போறேன்?"

குடை முனையால் அவள் தோளை நெட்டித் தள்ளினார். "வாய் நீளுதா? பெத்தவளே வெஷம் வச்சான்னு போலீசுல சொன்னேன்னா, ஜெயில்ல களிதான் உனக்கு."

"ஜெயிலுக்குப் போறேங்க. தூக்குலகூட போடுங்க. படக மட்டும் விடுங்க."

உள்ளே மக் சோம் அலறினாள். குழந்தையின் மூச்சு நின்றிருந்தது.

ஐயாசாமி ஒரு கணம் காதுகொடுத்துக் கேட்டார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. ஐயோ, அதை எப்படி எழுதுவேன்! தொல்லை தீர்ந்த மனிதனின் நிம்மதி.

"சரி, இனிமே படகு வேண்டியதில்ல. பொதைக்கிறதுக்கு மேட்டுப் பக்கம் எடம் பாரு. தோப்புக்குள்ள வேணாம், தென்னை வேரு கெட்டுடும். நாளைக்கு லீவு எடுத்துக்க. மறுநாள் வந்துடு."

கிருஷ்ணம்மா தரையிலிருந்து எழவில்லை. அவர் காலைப் பிடித்த கைகள் அப்படியே விரிந்து கிடந்தன.

பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள். கங்காணி படியிறங்கிக் குடையை விரித்தார். அந்த அழுகை தோப்பில் மற்ற ஆட்களின் காதில் விழுந்து வேலை கெடும் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி வந்து, பலகைக் கதவை இறுக இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.