ஏழு பேர்ச் எனக் கொள்க

நேற்று பதுளைக் கடைவீதியில் அளவுநாடா வாங்கப் போயிருந்தேன். இரும்புக் கடைக்கே உரிய அந்த எண்ணெய் நெடி. பக்கத்தில் ஒரு பெண் மழைக்கு மறைக்கும் தறப்பாள் வாங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை அடி என்று கடைக்கார நானா கேட்டதற்கு, "சுமாரா ஒரு பத்தடி வெட்டுங்க நானா" என்றாள். திரும்பிப் பார்த்தேன். சத்யா. என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவள்.

எனக்குச் 'சுமார்' என்றாலே பற்றிக்கொண்டு வரும். கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான் என் முதல் வேலை. பரப்பளவு கற்பிக்கத் தொண்டை கிழியக் கத்துவேன். "கிட்டத்தட்ட சரிதானே சேர்" என்பார்கள் பிள்ளைகள். விடைக்கு அரைப் புள்ளி வெட்டுவேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது வலித்ததாகத் தெரியவில்லை.

சத்யா எட்டில் இருந்த வருஷம்தான், மண்சரிவு அபாயமென்று மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களுக்கு வேறிடத்தில் ஏழேழு பேர்ச் காணி கொடுத்தார்கள். ஒரு பேர்ச் என்றால் இருநூற்று எழுபத்திரண்டே கால் சதுர அடி. அவரவர் காணியை அளந்து வாருங்கள் என்று வீட்டுவேலை கொடுத்தேன். மறுநாள் வகுப்பே மாறிப் போயிருந்தது. நாடா தொய்ந்ததா, மூலை சரியா என்று அங்குலத்துக்குச் சண்டை. சத்யா மூன்று தடவை அளந்திருந்தாள். முப்பதடிக்கு ஐம்பத்தெட்டு. ஏழு பேர்ச்சுக்கு நூற்று அறுபத்தைந்தே முக்கால் சதுர அடி குறைவு. அந்த முக்காலைக்கூட அவள் விடவில்லை.

"ஒரு குசினி போயிருச்சு சேர்" என்றாள்.

காணி அதிகாரியிடம் போனேன். நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார் அந்த மனிதர். "சுமாரா ஏழுதான் மாஸ்டர். பேப்பர்ல ஏழுன்னுதானே இருக்கு." அடுத்து எங்கள் பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டு, இடமாற்றம் என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார். நான் முதல் தடவையிலேயே பயந்துவிட்டேன்.

மறுநாள் கரும்பலகையில் என் கையாலேயே எழுதினேன்: 'காணியின் பரப்பு ஏழு பேர்ச் எனக் கொள்க.'

சத்யா எழுந்தாள். "சுமார்னா எத்தன அடி சேர்?"

கணக்கைச் செய் என்று அதட்டினேன். கொப்பியை மூடிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த அதிகாரி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. என் மேல் அதைவிட. அவர் எடுத்தது மண். அங்குலத்துக்குச் சண்டை போட்ட பிள்ளைகளின் வாயை அடைத்தது நான்தான்.

தறப்பாள் எதற்கு என்று கேட்டேன்.

"குசினிக்குச் சேர். உள்ள எடமில்லல்ல, அடுப்பு வெளியதான்."

நானா நாடாவை விறைப்பாக இழுத்து அளந்து வெட்டினார். அன்றைய சத்யா என்றால் மறுமுனையை அவளே பிடித்திருப்பாள். இவள் பார்க்கவே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சுருட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.