நீலத் தொப்பியும் கம்பங்கூழும்

அருப்புக்கோட்டைக்கு வெளியே, மூடிக்கிடந்த கல்குவாரி மேட்டில் ஒருவர் தினமும் காலையில் ஓடி ஏறி இறங்குவார். விசைத்தறியில் வேலை. புருவத்தில் பஞ்சுத்தூசி போகவே போகாது. மலைப்பாதை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்க நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

இடுப்பில் கம்பங்கூழ் பாட்டில் வைத்திருப்பார். ஓட்டத்தின் நடுவே அடிக்கடி மூடியைத் திருகி, புஸ்ஸென்று காற்றைப் போகவிட்டு, ஒரு வாய் குடிப்பார்.

"எதுக்குண்ணே இத்தன தடவ தெறக்குறீக?"

"போன வருசப் போட்டியில தெறக்கல தம்பி. புளிச்ச கூழு குலுங்கி வெடிச்சிருச்சு. கண்ணெல்லாம் கூழு. ஒரு நீலத் தொப்பிக்காரன் 'கூழ்ப்பானை வருதுடா'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்ய. மூஞ்சி தெரியல, தொப்பிதான் தெரிஞ்சது. தெனமும் அவன நெனச்சுத்தான் ஏறுறேன். இந்த வருசம் அவன முந்தணும்."

அந்தத் தொப்பி என்னுடையது. வீட்டிலேயே முதலில் படித்தவன், ஓடும்போது தெம்புக்கு ஜெல் பாக்கெட் வாங்கிச் சாப்பிடுகிறவன் என்ற மிதப்பில் சொன்னது. அதை ஒப்புக்கொள்ளாமல், பயிற்சிக்குத் தொப்பி போடாமலே போய்வந்தேன்.

அவராகவே தெரிந்துகொள்ளட்டும் என்று, போட்டியன்று அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு போனேன். கடைசி ஏற்றத்தில் தொடை பிடித்துக்கொண்டு நொண்டினேன். காதருகே புஸ்ஸென்று மூடி திறந்தது.

"கூழ்ப்பானை வருது தம்பி, வழி விடுங்க."

திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார். அவர் எல்லோரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். என்னைத் தெரிந்துதான் சொன்னாரா என்று இன்னமும் யோசிக்கிறேன்.