மூன்று பிரதியும் ஒரு வாசலும்

கணினிச் சேமிப்பைப் பராமரிக்கும் தொழிலில் நல்ல பெயர் என்றால், நாங்கள் இருப்பதே ஒருவருக்கும் ஞாபகம் வராமல் இருப்பதுதான். இதே பாடுபடும் சகபாடிகளுக்குச் சொல்லத் தேவையில்லை: எங்களுக்கு ஃபோன் வந்தால் அது பாராட்டுவதற்கு வருவதில்லை. பதினாறு வருடம் குளிர்நாட்டில் இந்த வேலை பார்த்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பி, நிஸாமோடு சேர்ந்து ஒரு சின்ன நிலையம் தொடங்கினேன். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஓர் இரத்தப் பரிசோதனைக்கூடம். விசுவமடு, ஒட்டுசுட்டான், செட்டிகுளம் என்று அவர்களுக்கு மூன்று கிளை. அத்தனை நோயாளிகளின் முடிவுகளும் எங்கள் கணினிகளில்தான்.

மூன்று அறை

நிஸாம் முல்லைத்தீவுக்காரன். சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்துக்குப் போய், வளர்ந்து திரும்பி வந்தவன். இரண்டு சேமிப்புக் கணினி போதும் என்று நான் நினைத்திருந்தேன். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். “ரெண்டும் ரெண்டு கதை சொன்னால் எதை நம்புறது?” என்று கேட்டான். மூன்று இருந்தால் எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். நான் படித்த ஆங்கிலப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நிஸாம் புத்தகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மூன்று அறையில் மூன்று கணினியை வைத்துப் பூட்டினோம். திறப்புக் கோர்வையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவன் சொன்னான்: “எங்கட காணி உறுதிப் பத்திரம் ஒரு கொப்பிதான் இருந்தது அண்ணை. அது துலைஞ்ச பிறகு வாப்பா எத்தினை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினவர் தெரியுமோ?”

முதல் இடி

பரிசோதனைக்கூடத்துக்கென்று தனித்தனிக் கணினிகள் கிடையாது. அதே அறைகளில் இருக்கும் இரண்டு பெரிய இயந்திரங்களுக்குள், மென்பொருளால் ஆன பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. அந்தப் பெரிய இயந்திரங்களுக்கோ எங்கள் மூன்று பிரதி முறை விளங்காது. பழைய, எளிய கோப்புப் பகிர்வு ஒன்றுதான் தெரியும். ஆகவே நடுவில் ஒரு சிறு கணினி வைத்தோம். ஒரு பக்கத்தால் மூன்று பிரதியையும் ஒன்றாக வாங்கி, மறுபக்கத்தால் அவற்றுக்கு விளங்கும் விதத்தில் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. வாசல் என்று பெயர் வைத்தோம். அறைகளில் இடம் இல்லாததால் வாசல் கந்தோர் மூலையில், தேநீர்க் கேத்திலுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஐப்பசியின் முதல் மழை பின்னேரம் வந்தது. முதல் முழக்கத்துக்கே வயர்களைக் கழற்றாத வீடு வன்னியில் ஏது? கந்தோரைக் கூட்டித் தேநீர் வைக்கும் பரமேசு அக்காவும் கழற்றினா. மின்விசிறி, கேத்தில், வாசல். மின்சாரம் நின்றாலும் வாசலை ஓட வைக்கும் பற்றரிப் பெட்டி கீ கீ என்று கத்தியதாம். அதன் பொத்தானையும் அமத்தி அடக்கிவிட்டா. பூட்டிய அறைகளில் மூன்று பிரதியும் சுகமாக இருக்க, மூன்று கிளையிலும் திரைகள் உறைந்து நின்றன. மூன்று கிணறு வெட்டி ஒற்றை வாளி கட்டியவன் நான்தான். நான் முகம் கறுத்து நின்றதைக் கண்டு அக்காவுக்குப் பொல்லாத கோபம்: “இடி இடிக்கேக்க வயரைக் கழட்டாமல் விட நான் என்ன விசரியோ தம்பி?”

டொக்டரின் ஃபோன்

பரிசோதனைக்கூடத்தை நடத்தும் டொக்டர் அம்மா குரலை உயர்த்திப் பேசமாட்டா. அதுதான் பயம். செட்டிகுளத்தில் காய்ச்சல்காரர் வரிசையாகக் கதிரைகளில் இருக்கினம் என்றா. கொழும்பில் ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் பொறுப்பெடுக்கக் கேட்கிறது, மாதக் கடைசியில் முடிவு சொல்லுவன் என்றா. அவா போனால் எங்கள் நிலையத்தைப் பூட்ட வேண்டியதுதான். அது அவாவுக்கும் தெரியும். ஃபோனை வைப்பதற்கு முன் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை: “மூண்டு இடத்தில இருக்கெண்டு சொன்னீங்கள். எனக்கு ஒரு இடத்திலயும் கிடைக்கேல்லையே.”

நம்பர் துண்டு

வாசலைப் பூட்டிய அறைக்குள் ஒளித்து வைத்தால் அக்காவிடமிருந்து தப்பலாம். இடியிடமிருந்து தப்ப முடியுமா? முதல் வாசலை அங்கேயே விட்டு, மூன்று அறையில் ஒன்றான முன்னறையில் இடம் ஒதுக்கி, இரண்டாவது வாசல் ஒன்று வைத்துப் பூட்டினோம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு முகவரி. முதல் வாசல் விழுந்தால் முகவரி இரண்டாவதுக்குத் தாவும். கழற்றிப் பார்த்தோம், தாவவும் செய்தது. ஆனாலும் மெய்நிகர் கணினிகள் எழும்பவில்லை. இரண்டு நாள் பதிவுகளைப் புரட்டினேன், பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் நிஸாம் பல்லுப் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போனான். வீங்கிய கன்னத்தோடு நேரே கந்தோருக்கு வந்தான். ஒவ்வொரு வாசலும் கோப்புகளுக்குத் தன் பாட்டில் அடையாள எண் கொடுக்கிறது, முதலாவது கொடுத்த எண்ணை இரண்டாவது ஏற்கவில்லை என்பதை வாய்க்குள் பஞ்சோடு சொல்லி முடித்தான். இரண்டும் ஒரே எண் கொடுக்கும்படி ஒரு வரி எழுதினோம், எல்லாம் எழும்பிவிட்டன. எப்படிப் பிடித்தாய் என்று கேட்டேன். “ஆஸ்பத்திரியில நம்பர் துண்டோட ஒரு மணித்தியாலம் பிழையான கதவில நிண்டனான் அண்ணை, அந்த நம்பர் அங்க செல்லாதாம். அங்கதான் விளங்கினது.”

பொய் சொல்லாத வாசல்

வெளிநாட்டிலிருக்கும் பழைய சிநேகிதன் ஒருவன் அறிவுரை சொன்னான். வன்தட்டில் எழுதி முடிப்பதற்கு முன்னரே ‘எழுதிவிட்டேன்’ என்று வாசலைப் பதில் சொல்ல விடு, வேகம் பல மடங்கு கூடும் என்றான். உண்மைதான், கூடும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் யாரோ ஒருவரின் இரத்த முடிவு, எழுதியதாகச் சொல்லப்பட்டு, எங்கேயும் இல்லாமல் போகும். மூன்று வன்தட்டிலும் எழுதிய பிறகே பதில் என்று வைத்தேன். ஃபோனில் சிநேகிதன் சிரித்தான்: “நீ ஊருக்குப் போயும் திருந்தேல்லை மச்சான்.”

டொக்டர் வந்த நாள்

மாதக் கடைசியில் டொக்டர் அம்மா நேரே வந்தா. நான் வாசலின் வயரைக் கழற்றிக் காட்ட எழும்ப, இருங்கோ என்றா. “நீங்கள் தெரிஞ்செடுக்கிற வயரை நான் நம்பமாட்டன்.” பிறகு பரமேசு அக்காவைக் கூப்பிட்டா. “அக்கா, இப்ப இடி இடிக்குதெண்டு நினையுங்கோ. என்ன செய்வீங்கள்?”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா. நான் தலையாட்டினேன். மின்விசிறி, கேத்தில், வாசல். பற்றரிப் பெட்டி கத்தியது, பொத்தானை அமத்தினா. கந்தோர் அமைதியானது. டொக்டரின் ஃபோன் மேசையில் திறந்தபடி. மறுமுனையில் ஒட்டுசுட்டான் கிளையில் முடிவுகளைப் பதியும் சுதர்சினி. விசைப்பலகைச் சத்தம் நின்றது. நிஸாம் கண்ணை மூடிக்கொண்டான். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். முள் நகரவே மறந்ததுபோல் இருந்தது. பிறகு, டக் டக் என்று சத்தம் திரும்ப வந்தது.

“இப்ப கடைசியாப் பதிஞ்சது இருக்கோ பாரும்,” என்றா டொக்டர்.

“ஓம் மிஸ், இருக்கு. கொஞ்ச நேரம் நிண்டிட்டு ஓடுது. ஏன், அங்க ஏதும் பிரச்சினையோ?”

டொக்டர் அம்மா கழற்றிய பிளக்கைப் பார்த்தா, அக்காவைப் பார்த்தா, கடைசியில் என்னைப் பார்த்தா. “இல்லைப் பிள்ளை. கொழும்புக்காரருக்கு ஒரு ஃபோன் எடுத்துச் சொல்லோணும், அவ்வளவுதான்.”

இப்போதும் இடி முழங்கினால் பரமேசு அக்கா கந்தோரில் எல்லா வயரையும் கழற்றுகிறா, அதனால் வன்னியில் நிற்பது எங்கள் தேநீர் ஒன்றுதான்.