ஏரிக்கு அப்பால் ஒற்றைப் பேணி

என் முதுகுப்பையின் எடை ஒன்பது கிலோ நானூறு கிராம். தண்ணீரோடு சேர்த்துப் பதினொன்று நானூறு. குளியலறைத் தராசில் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை என்று மூன்று சுற்று ஏறி இறங்கிச் சராசரி எடுத்தேன். எழுபத்தொரு வயதுக்காரன் தன் உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். அந்தக் கணக்கில் எனக்கு நூறு கிராம் மிச்சம் இருந்தது.

நாற்பது வருடம் கட்டடங்களுக்கு எத்தனை கதவு, கதவுக்கு எத்தனை பிணைச்சல், பிணைச்சலுக்கு எத்தனை திருகாணி என்று எண்ணிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். எண்ணாமல் ஒரு பையைக் கட்ட எனக்குத் தெரியாது. இந்தப் பையையும் எண்ணித்தான் கட்டினேன். ஆனால் ஒரு ஆளுக்காகக் கட்டினேன். அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

என் மகளும், என்னோடு வழக்கமாக மலை நடக்க வரும் மனிதரின் மகனும் கல்யாணம் செய்வதென்று முடிவெடுத்தபோது, பெற்றவர்கள் பழகட்டும் என்று எங்கள் இருவரையும் பனிமலைப் பக்கம் நடக்கக் கூட்டிப் போனார்கள். சிட்னியிலிருந்து காரில் ஆறு மணித்தியாலம், பிறகு மேட்டில் நடை. முடிவில் பாறைச்சுவரின் அடியில் கறுநீலமாக ஓர் ஏரி. நான் யாழ்ப்பாணத்தான், இருப்பது சிட்னியின் கிரவீன் பகுதியில். அவர் மதுரைக்காரர், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருப்பவர், ஓய்வுபெற்ற மருந்தாளர். அன்று முழுவதும் என்னோடு வாதாடிக்கொண்டே நடந்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த ஆண்டு பிள்ளைகளுக்கு நேரமில்லை. நாங்கள் இரண்டு பேரும் போனோம். பிறகு ஒவ்வொரு மார்ச் மாதமும் இரண்டாவது சனிக்கிழமை, கோடை முடிந்து புல் பழுக்கும் நேரத்தில் போனோம். மொத்தம் எட்டுத் தடவை.

போன நவம்பரில் பிள்ளைகள் பிரிந்தார்கள். சத்தமில்லை, சண்டையில்லை, கையெழுத்து மட்டும்தான். அவர்களுக்குக் குழந்தையும் இல்லை. சம்பந்தி என்று எங்களுக்கு ஒரு சொல் இருக்கிறது. பிள்ளைகள் பிரிந்தபின் அந்த இரண்டு தகப்பன்மாரும் ஒருவருக்கொருவர் யார் என்பதற்குச் சொல் இல்லை. நான் யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அவர் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மார்ச் வந்ததும் என் மனைவி சொன்னாள், "இனி என்ன முகத்தோட அந்த மனிசனோட கதைப்பியள்? பேசாம வீட்டில இருங்கோ."

வீட்டில் இருக்க முடியவில்லை. தனியே போவதென்று தீர்மானித்து, எட்டு வருடமாக வைத்திருக்கும் பட்டியலை எடுத்தேன். எப்போதும் அடுப்பும் குசினிச் சாமானும் என் பொறுப்பு, சாப்பாடு அவர் பொறுப்பு. பட்டியலில் தேத்தண்ணி குடிக்கும் பேணி இரண்டு, கரண்டி இரண்டு, தட்டு இரண்டு என்றிருந்ததை எல்லாம் ஒன்றாக்கினேன். பெரிய காஸ் குப்பி என்றிருந்ததை வெட்டிச் சின்னது என்று எழுதினேன். கூடாரம் மட்டும் இரண்டு ஆள் கூடாரம், என்னிடம் வேறு இல்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்றார் அவர், போன வாரம்தான் பேசி வைத்தவர்போல.

"விடிய நாலரைக்கு வாறன்," என்றேன்.

அவ்வளவுதான். அதன்பிறகு நான் டயர் காற்றைச் சரிபார்த்தேன். மழைச் சட்டையைத் திரும்ப மடித்தேன். வானிலையை ஐந்து தடவை பார்த்தேன். பட்டியலைத் திரும்பப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் மறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அது பழக்கமில்லாத விஷயம்.

காரில் நிறையப் பேசினோம். முழங்கால், கண்ணில் புரை, மழை. பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. "சம்பந்தி" என்றும் அவர் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. முன்பெல்லாம் அதைச் சொல்லாமல் அவருக்கு வசனம் தொடங்காது. ஒரு வருடம், போகும் வழியில் மட்டும் எண்ணினேன்: நாற்பத்திரண்டு தடவை. இந்த முறை "இங்க பாருங்க", "கேட்டீங்களா" என்று என்னை எந்தப் பெயரும் இல்லாமல் கூப்பிட்டார். வழியில் கூமா என்ற ஊரைத் தாண்டியும் பூச்சியம்.

நடைபாதை முதலில் கீழே இறங்கி ஒரு ஆற்றைக் கடக்கும். பாலம் கிடையாது. கல்லுக்குக் கல் தாவ வேண்டும். பதினெட்டுக் கல் என்பது என் கணக்கு, பத்தொன்பது என்பது அவருடையது. எட்டு வருடமும் அக்கரையில் நின்று இதற்குச் சண்டை பிடித்திருக்கிறோம். இந்த முறை நான் கடந்து வந்து காத்து நின்றேன். அவரும் வந்தார், கால்சட்டையை உதறினார், மேலே நடந்தார். எத்தனை என்று கேட்கவில்லை. அந்த ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பையின் பாரம் என்று சொல்ல முடியாது, நூறு கிராம் குறைவாக அல்லவா இருந்தது.

ஏரிக்கரையில் காற்று பலமாக இருந்தது. சரிவெல்லாம் வைக்கோல் நிறம். பூக்கள் முடிந்துவிட்டன, ஒன்றிரண்டு வெள்ளைப் பூ மட்டும் காய்ந்தும் காயாமலும் நின்றன. அவர் தண்ணீர் ஓரத்தில் ஒரு தட்டைப் பாறையைக் காட்டினார்.

"உங்க பொண்ணு இங்கதான் வழுக்கி விழுந்தா."

"ஓம்."

"என் பையன் சிரிச்சான். கை குடுக்காம நின்னு சிரிச்சான். அன்னைக்கே எனக்குப் பிடிக்கல. சொல்லியிருக்கணும்."

"அவளும் சும்மா விடேல்லை. தண்ணியை அள்ளி அடிச்சவள். என்ர பிள்ளைக்கும் கோபம் கூடத்தான்."

அவரவர் பிள்ளையின் குற்றத்தை அவரவர் எடுத்துக்கொண்டு மேலே நடந்தோம்.

ஏரிக்குத் தண்ணீர் வடியும் சரிவுகளில் கூடாரம் போடக் கூடாது என்பது அங்கே விதி. மேட்டைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். கரையிலிருந்து இரண்டாயிரத்து நூற்று நாற்பது காலடி வைத்தேன். மூன்று மணிக்குக் கூடாரம் நின்றது. நான் அடுப்பைப் பொருத்தித் தண்ணீரை வைத்துவிட்டுப் பைக்குள் கைவிட்டேன். ஒரு பேணி வந்தது. கரண்டி ஒன்று. தட்டு ஒன்று. திரும்பவும் கைவிட்டுத் துழாவினேன், இல்லையென்று தெரிந்துகொண்டே.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை எண்ணிப் பழகிய கண்.

"இன்னொரு டம்ளர் எங்க?"

"ஒண்டுதான் இருக்கு."

"கேஸும் சின்னதா இருக்கே." குப்பியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "மறந்துட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. ஆணியை எண்ணிப் பையில போடுற ஆளு நீங்க."

"மறக்கேல்லை. நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சுக் கட்டினனான்."

"கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"இல்லை."

"நாலு மாசம்."

"நாலு மாசமும் ஒன்பது நாளும்."

"அதை மட்டும் கரெக்டா வெச்சிருங்க."

"நீங்களும் எடுக்கேல்லையே," என்றேன்.

"பையனைப் பெத்தவன் நான். போன் பண்ணா, அவனுக்காக நியாயம் பேச வர்றேன்னு நினைப்பீங்க." குப்பியைக் கீழே வைத்தார். "என்னை லிஸ்ட்லேந்தே அடிச்சிட்டீங்க. அப்படித்தானே?"

அப்படித்தான். என் சட்டைப்பையில் அந்தப் பட்டியல் இருந்தது. இரண்டுகளின் மேல் நான் கீறிய கோடுகளோடு.

அவர் தன் பையைத் திறந்து சாப்பாட்டை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். தாளில் சுற்றிய சப்பாத்தி பன்னிரண்டு. புளியோதரைப் பொட்டலம் இரண்டு. முறுக்குப் பை இரண்டு. பிறகு சிறு டப்பாவில் மோர் மிளகாய். அதை அவர் தொடமாட்டார், வயிற்றுக்கு ஆகாது. எனக்காக ஒவ்வொரு வருடமும் பொரித்துக்கொண்டு வருவார்.

"போன வாரமே வாங்கிப் பொரிச்சு வெச்சிட்டேன்," என்றார். "நான் கணக்குல வீக்கு."

தண்ணீர் கொதித்தது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைப் பெற்றவன் முதல் பேணியை மாப்பிள்ளையின் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டும். முதல் வருடம் மரியாதைக்காகச் செய்தேன். பிறகு அது பகிடியாகிவிட்டது. "பொண்ணைப் பெத்தவரே, சூடு பத்தல," என்று அவர் அதட்டுவார், நான் கைகட்டி நிற்பேன். அன்றும் கை தன் பாட்டில் பேணியை அவர் பக்கம் நீட்டிவிட்டது.

அவர் வாங்கவில்லை.

"இப்போ எந்த முறைக்கு எனக்கு முதல்ல?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நாலு மாதமாக நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல பதிலாக ஒன்றைச் சொல்ல விரும்பினேன். பேணி விரலைச் சுட்டது. காற்றில் ஆவி படுத்துப் படுத்துப் போனது.

"ஆறுது," என்றேன். "பிடியுங்கோ."

வாங்கினார். பாதியை மெல்ல மெல்லக் குடித்தார். பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எச்சில் விஷயத்தில் நான் மோசமானவன். என் வீட்டில் எனக்குத் தனிக் குவளை. மனைவிக்கே அதைத் தொட அனுமதி இல்லை. அவர் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்துப் பேணியின் விளிம்பைத் துடைத்தார். கைக்குட்டையின் அழுக்கைப் பார்த்தேன். துடைக்காமல் விட்டிருக்கலாம்.

"அண்ணாந்து ஊத்தாதீங்க. இந்தக் காத்துக்குச் சட்டைதான் குடிக்கும்."

"தெரியும். தாங்கோ."

அவர் எந்தப் பக்கம் வாய் வைத்தார் என்பதைக் கவனித்து வைத்திருந்தேன். பேணியைத் திருப்பவில்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி, அதனால் தேத்தண்ணியில் சீனி இல்லை. எனக்கு இரண்டு கரண்டி வேண்டும். அப்படியே குடித்து முடித்தேன். அவர் மோர் மிளகாய் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் காலை தண்ணீர் கொதிக்க முன்னமே காஸ் முடிந்துவிட்டது. ஒரு ஆளுக்கான கணக்கு சரியாகத்தான் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் தேயிலை நிறமே இறங்கவில்லை. அதையும் ஒரே பேணியில் ஆளுக்குப் பாதி குடித்தோம். அவருக்குத்தான் முதலில். இம்முறை எந்த முறைக்கு என்று கேட்கவில்லை. "கழனித்தண்ணி," என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது ஆற்றை அவர் முதலில் கடந்தார். நான் பின்னால், வாய்க்குள் எண்ணிக்கொண்டு. நடு ஆறு தாண்டி, பதினான்கோ பதினைந்தோ.

"சம்பந்தி, அந்தக் கல்லு ஆடுது. இடது காலை வைங்க."

ஒன்று, என்று எண்ணினேன். அதில் கற்களின் கணக்குத் தவறிவிட்டது.

அக்கரையில் அவர் இடுப்பில் கைவைத்து நின்றார். "எத்தனை?"

"பதினெட்டு."

"முகத்தைப் பார்த்தா எண்ணின மாதிரி தெரியலையே."

எண்ணவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூமா வரைக்கும் அதற்கே சண்டை பிடித்தோம்.