மைசூருக்கு வைத்த பணம்

எங்கள் சொந்தக்காரர்கள் நடுவில் எனக்கு ஒரு பெயர் உண்டு: கை இறுக்கமானவள். என் கணவருக்கும் ஒரு பெயர் உண்டு: தாராள மனசுக்காரர். இரண்டு பெயரையும் வைத்தவர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, நான் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வைத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2005இல் நாங்கள் சிதம்பரத்துக்குக் குடிவந்தோம். என் கணவருக்கு அங்கே ஒரு அலுவலகத்தில் வேலை. நான் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில், பள்ளிக்கூட ஆசிரியை. விடிந்தும் விடியாமலும் சமையலை முடித்துவிட்டு பஸ் பிடித்தால்தான் முதல் பெல் அடிப்பதற்குள் போய்ச் சேர முடியும். கடலூரிலேயே வீடு பார்க்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன். "மேலவீதிக்குப் பக்கத்துல வீடு கெடைக்கிறது சாதாரணமா? தேர் வந்தா வாசல்லேருந்தே பாக்கலாம்" என்றார். உண்மைதான். அந்த வீட்டின் அருமை எங்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனித் திருமஞ்சனத்துக்கு ஒரு கூட்டம் வரும். மார்கழி தரிசனத்துக்கு அதைவிடப் பெரிய கூட்டம். கோடை லீவில் பிச்சாவரம் படகுக்கு வருபவர்கள், திருநள்ளாறு போகும் வழியில் ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்கள், ஒன்றும் இல்லாவிட்டால் "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" வருபவர்கள். விருந்தாளி வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பத்துப் பேர் மூன்று நாள் தங்கினால் அந்த மாதத்து அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் எங்கே போகும் என்று வந்தவர்கள் யாரும் யோசித்ததில்லை. என் கணவரும் யோசித்ததில்லை. அவர்தான் கோயிலுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பார். அர்ச்சனைத் தட்டு வாங்கிக் கொடுப்பார். ஊருக்குப் போகும்போது குழந்தைகள் கையில் நோட்டைத் திணிப்பார்.

சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிடுவார். அதை எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளவும் செய்வார். "பணமெல்லாம் அவகிட்டதான். எனக்கு ஒண்ணும் தெரியாது." கேட்பவர்களுக்கு, எவ்வளவு நல்ல மனிதர் என்று தோன்றும். பணம் என் கையில் என்றால், இல்லை என்று சொல்லும் வேலையும் என் கையில் என்று அர்த்தம். அது யாருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவளோடு படித்த பெண் ஒருத்தி மைசூர் போய்வந்து அரண்மனையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் மைசூர்தான் பேச்சு. எனக்கும் ஆசை. அதுவரை எங்கள் சுற்றுலா என்றால் தேவனாம்பட்டினம் பீச்தான். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இருந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போய், சாயங்காலம் கடலில் கால் நனைத்துவிட்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறுவோம். அவ்வளவுதான்.

ஆசிரியைகள் சேர்ந்து போடும் சீட்டில் நானும் சேர்ந்தேன். எனக்கென்று புடவை எடுக்காமல், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ கூடக் குடிக்காமல் கட்டினேன். 2006 ஏப்ரலில் சீட்டை எடுத்துவிட்டேன். மே மாதம் போவது என்று முடிவு. அதற்குள் என் கணவரின் சித்தப்பா குடும்பம் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து இறங்கியது. பேரன் பேத்திகள் எல்லோருமாக பிச்சாவரம் போக வேண்டும் என்றார்கள். வேன், படகு, மத்தியானச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் என் கணவரே அந்தச் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். கேட்டதற்கு, "வந்தவங்ககிட்ட படகுக்குக் காசு குடுங்கன்னு கேக்க முடியுமா? மைசூரு எங்க போயிடப்போவுது, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

அடுத்த வருஷமும் அதே கதைதான். ஆட்கள் மட்டும் வேறு.

மூன்றாவது தடவையாகச் சேர்த்தேன். இந்த முறை எங்கே வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அந்த 2007 மார்கழியில்தான் அவருடைய அக்கா குடும்பம் வந்தது. அவர்கள் திட்டக்குடிப் பக்கம். நிலம், டிராக்டர், சொந்தமாக நெல் வியாபாரம் எல்லாம் உண்டு. குடும்பமாக வேன் பேசி ஊட்டி, மைசூர் எல்லாம் சுற்றிவிட்டு, நேராக தரிசனத்துக்கு சிதம்பரம் வந்தார்கள். ஒன்பது பேர், கூட டிரைவர். வருகிறோம் என்று ஒரு போன் கூட இல்லை. எங்களுக்கென்று ஒரு பாக்கெட் ஊட்டி வர்க்கி பிஸ்கட் கொண்டுவந்தார்கள். பாதி நொறுங்கியிருந்தது.

நாலு நாள் இருந்தார்கள். என் மகள் தன் கட்டிலை விட்டுக்கொடுத்து சமையலறையில் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். பகலில் அக்கா வீட்டுப் பெண் கேமராவில் மைசூர் அரண்மனைப் படங்களைக் காட்ட, இவள் அவள் தோளில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "இது உள்ளயா? செருப்பு போட்டுட்டுப் போவலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அண்ணி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

"ஒங்கம்மாவ கூட்டிட்டுப் போவச் சொல்லுடி" என்றார் மகளிடம். "ரெண்டு பேரு சம்பாரிக்கிறாங்க. பணத்த பொட்டியில வச்சா குட்டியா போடும்?"

பக்கத்து வீட்டம்மா வேறு அப்போது வந்திருந்தார். அவரைப் பார்த்து அண்ணி தொடர்ந்தார். "எங்க தம்பிக்கு மனசு ஜாஸ்தி. ஆனா அவன் கையில என்னா இருக்கு? டீச்சருக்கு சேக்கத்தான் தெரியும், செலவு பண்ணத் தெரியாது."

சமையலறையில் நான் அவர்கள் எல்லோருக்கும் பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தவே இல்லை. எனக்குக் கேட்டால் என்ன என்றுதான் பேசினார். உருளைக்கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் என் கணவர் சமையலறைக்கு வந்து கதவோரம் நின்றார். அவர் அப்படி நின்றால் பணம் கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"வேனுக்குப் பாக்கி குடுக்கணுமாம். டிரைவர் பேட்டாவும் சேத்து. மாமாகிட்ட கையில கொறைவா இருக்காம். ஊருக்குப் போனதும் குடுத்துடறேங்கிறாரு."

"என்கிட்ட இல்லீங்க."

"சீட்டுப் பணம் இருக்குமில்ல?"

"அது மைசூருக்கு."

"அத அப்புறம் பாத்துக்கலாம்மா. இப்ப மானம் போயிடும்."

யாருடைய மானம் என்று கேட்க வாய்வரை வந்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். அண்ணியின் கணவர் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒங்க தம்பி வேனுக்குப் பணம் கேக்கறாரு. என்கிட்ட இருக்கறது எம் பொண்ண மைசூருக்குக் கூட்டிட்டுப் போவ வச்சிருக்கற பணம். ரெண்டு வருசமா சேத்து, ரெண்டு தடவையும் வந்தவங்களுக்கே செலவாயிடுச்சி. இந்தத் தடவ குடுக்க முடியாது. நீங்க தப்பா எடுத்துக்கிட்டாலும் பரவால்ல."

அண்ணி ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார்.

"ஏம்மா, நாங்க என்ன தூக்கிட்டா போயிடுவோம்?" என்றார் அண்ணி.

"தூக்கிட்டுப் போவீங்கன்னு சொல்லல அண்ணி. ஊரு சுத்தினது நீங்க. வேனுக்கு நாங்க எதுக்குக் குடுக்கணும்?"

அப்போது நடந்ததுதான் என்னால் இன்றுவரை மறக்க முடியாதது. அண்ணியின் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து பையைத் திறந்து ஒரு கட்டுப் பணத்தை எடுத்தார். வாசலுக்குப் போய் டிரைவரைக் கூப்பிட்டு பாக்கி, பேட்டா எல்லாவற்றையும் கொடுத்தார். மீதியை மறுபடியும் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேப்பரைப் படிக்க ஆரம்பித்தார். கையில் குறைவாக இருக்கிறது என்று சொன்னவர் அவர்தான்.

நான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை காப்பி கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள். அப்புறம் போன்கள் ஆரம்பித்தன. சித்தப்பா வீட்டிலிருந்து, பெரியப்பா மகனிடமிருந்து. எல்லோருக்கும் ஒரே கேள்வி: டீச்சர் ஏன் அப்படிச் செய்தாள்? பையில் பணத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஏன் எங்களிடம் கேட்டார் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. என் கணவர் பொங்கல் வரைக்கும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்கக்கா எங்க வீட்டு வாசல்ல அழுதுட்டுப் போச்சு" என்றார் ஒருநாள். அண்ணி அழவில்லை. நான் வாசலில்தான் நின்றேன்.

ஏப்ரல் மாதம் கடலூர் பஸ் ஸ்டாண்டில், பெங்களூர் வழியாக மைசூர் போக, மூன்று டிக்கெட் எடுத்தேன். அவரிடம் காட்டினேன். "நானும் பொண்ணும் போறோம். ஒங்களுக்கும் எடுத்திருக்கேன். வந்தா வாங்க." கடைசி நாள் வரை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிளம்பும் அன்றைக்கு அவராகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

மைசூர் நன்றாகத்தான் இருந்தது. அரண்மனைக்குள் நுழைந்ததும் மகள் மேலேயே பார்த்துக்கொண்டு நடந்தாள். யார் மேலோ இடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்கவும் மறந்துவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அண்ணி, வேன், போன் எல்லாம் மறந்துபோயிருந்தது.

மறுநாள் சாயங்காலம் பிருந்தாவனம் போவதாக ஏற்பாடு. அறை வாடகைக்காகக் கொஞ்சம் பணத்தை அவரிடம் கொடுத்து வைத்திருந்தேன். மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுப் படுத்திருந்தோம். கடைத்தெருவுக்குப் போய்வந்தவர் கையில் ஊதுபத்தி, சந்தன சோப்பு, ஒரு பட்டுப்புடவைப் பெட்டி.

"யாருக்கு?"

"அக்காவுக்கு. கோவமா இருக்கறாங்க. இதக் குடுத்தா சரியாயிடும்."

"எந்தப் பணத்துல?"

அறை வாடகையில்தான். கூட ஒருநாள் தங்கி சாமுண்டி மலைக்குப் போக நினைத்திருந்தோம். அது போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. மாதா மாதம் ஒவ்வொரு செலவாக நான் தள்ளித் தள்ளி வைத்தது, என்னைக் கை இறுக்கம் என்று சொன்னவருக்குப் புடவையாகப் போகிறது. நான் கத்தவில்லை. பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தேன். அரக்கு நிறம், மெல்லிய சரிகை. என் கணவருக்கு நல்ல ரசனைதான். அதை என் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

"இது எனக்கு" என்றேன்.

"அக்காவுக்குன்னு வாங்கினது."

"எம் பணத்துல வாங்கினது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிருந்தாவனம் போறோமில்ல?" என்று கேட்டாள். போனோம். கார் வைத்துக்கொள்ளவில்லை, டவுன் பஸ். தண்ணீர் விளக்கு வெளிச்சத்தில் நிறம் மாறி மாறி எழும்புவதை அவள் நின்றுகொண்டே பார்த்தாள். திரும்பி வந்து ராத்திரிக்கு பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். ஆடி மாதத்தில் அந்தப் புடவைக்கு பிளவுஸ் தைத்துப் பள்ளிக்கூடத்துக்கே கட்டிக்கொண்டு போனேன்.

ஊருக்கு வந்ததும் அவரிடம் தீர்மானமாகச் சொன்னேன். யார் வேண்டுமானாலும் வரட்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டு வரட்டும். சோறு போடுவேன், காப்பி கொடுப்பேன். ஆட்டோ, படகு, வேன் எல்லாம் அவரவர் பாடு. உங்கள் தாராளத்துக்கு உங்கள் சம்பளத்திலிருந்து இவ்வளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். அவர் அந்தப் பணத்தை முதல் மாதம் பத்து நாளில் தீர்த்துவிட்டார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கப் பழகிக்கொண்டார். கூட்டம் குறைந்தது. வருகிறவர்கள் வந்துகொண்டும் இருந்தார்கள்.

2010 மார்கழியில் அண்ணி குடும்பம் தரிசனத்துக்கு வந்தது. தெற்குவீதியில் லாட்ஜில் தங்கினார்கள். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார்கள்.

"அநியாய வாடக கேக்கறான் தம்பி" என்றார் அண்ணி. "வெந்நிக்குத் தனியா காசு. சாப்பாடு வாயில வைக்க முடியல." சொல்லிவிட்டுத் தம்பியையே பார்த்தார்.

என் கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமாக்கா. தரிசன சமயத்துல எல்லாமே ஜாஸ்திதான்" என்றார். இங்கே வந்து தங்குங்கள் என்று கூப்பிடவில்லை. நான் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டேன். சொந்தத் தம்பி வீடு இருக்க லாட்ஜில் தங்க வேண்டியதாகப் போயிற்று என்று அண்ணி ஊர் முழுக்கச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சொல்லட்டும்.

அதன் பிறகு ஒரு வருஷம் கன்னியாகுமரி, ஒரு வருஷம் கொடைக்கானல் போனோம். கொடைக்கானல் போய்வந்த ஜூனில், ஆசிரியைகள் அறையில் படங்களைப் பார்த்த ஒருத்தி, "ஒங்க வீட்டுக்காரருக்கு எவ்ளோ நல்ல மனசு. வருசா வருசம் கூட்டிட்டுப் போறாரே" என்றாள்.

"நான்தான் அவர கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பெல் அடித்தது. படங்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, முகம் இன்னும் சூடாக இருக்கும்போதே வகுப்புக்குப் போனேன்.